குவாங்சூவில் நான் தொலைந்துபோகவில்லை

பாட்டனி டவுன்ஸ், ஆக்லாந்து
பிப்ரவரி 19, வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்

பேரன்பும் பெருமதிப்பும் மிக்க சம்பந்தி திரு. மாரிசாமி அவர்கள் சமூகத்துக்கு,

வரதராஜன் வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே என் மகள் தாரிணியும், தங்கள் குமாரரும் என் மாப்பிள்ளையுமான ராம்பிரசாத்தும், நம் இருவருக்கும் பொதுச் சொத்தான பேத்தி சிந்துவும், தங்கள் வீட்டம்மாவும் ஒரு குறையுமின்றி இருக்கிறார்கள். நானும் அப்படியே, இடது முழங்கால் நீங்கலாக. கோவில்பட்டியில் அதற்குள் வெயில் தொடங்கிவிட்டது என்று கேள்விப்பட்டேன். தாங்கள் தனியாகச் சமைத்துச் சாப்பிடுவதாகவும் ரசத்தை மட்டும் நான்கு நாளைக்குச் சேர்த்து வைத்துக்கொள்வதாகவும்கூடக் கேள்விப்பட்டேன். அப்படிச் செய்ய வேண்டாம். தங்கள் விசா விண்ணப்பம் இன்னும் யாரோ ஒருவருடைய மேஜையில்தான் இருக்கிறதாம். தாரிணியின் அம்மா இல்லாத வீட்டில் தலைப்பிரசவம் பார்க்க, பெண் வீட்டார் செய்ய வேண்டிய காரியத்தைத் தாங்கள் எடுத்துச் செய்து, சம்பந்தியம்மாவை இங்கே அனுப்பிவிட்டு அங்கே தனியாக இருக்கிறீர்கள். அதை நான் எந்தக் காலத்திலும் மறக்க மாட்டேன்.

இதை வாட்ஸ்அப்பில் எழுதாமல் காகிதத்தில் எழுதுவது தங்களுக்கு வியப்பாக இருக்கலாம். போன மாதம் டாக்டருக்கு என்று என் மலச்சிக்கலைப் பற்றி விவரமாக எழுதியது நம் இரு குடும்பமும் சேர்ந்திருக்கும் குழுவில் போய் விழுந்ததும், தங்கள் தங்கை மகன் உட்பட மூன்று பேர் கொய்யாப்பழம் சிபாரிசு செய்ததும் தங்களுக்கு நினைவிருக்கும். அது போக, என் போனைத் தாரிணி எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கிறாள். இந்த விஷயம் அவள் கண்ணில் படக் கூடாது. படிக்கக்கூடிய கையெழுத்தில் எழுத முயன்றிருக்கிறேன்.

விஷயம் இதுதான். சிந்துவுக்குத் தள்ளுவண்டி வந்திருக்கிறது. நல்ல வண்டி, நாலு சக்கரம், பிரேக்கு, மழைக்கு மூடி எல்லாம் உண்டு. போன வாரம் குழந்தையை எடை பார்க்க வந்த செவிலியர் அம்மா, தினமும் சற்று நேரம் வெளியே காற்றோட்டமாகக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கார் திரும்புவதற்குள் நான் செருப்பை மாட்டிக்கொண்டு வண்டிக் கைப்பிடியைப் பிடித்து நின்றேன். தாரிணி வந்து என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். "அப்பா, நோ. நீங்க தனியா வண்டியத் தள்ளிட்டுப் போகக் கூடாது," என்றாள். ஏன் என்று கேட்டேன். "சைனா," என்றாள். அந்த ஒரு சொல்தான். தங்கள் குமாரர் தரையைப் பார்த்தார். தெருமுனை வரை என்று கேட்டேன், அதுவும் கூடாதாம். எதிர்வீடு வரை என்றேன், சிரித்தாள். முப்பத்து நான்கு வருடம் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்துக் கல் நட்டவன் நான். பாளையங்கோட்டைப் பக்கம் எத்தனை அண்ணன் தம்பிகள் வரப்புச் சண்டையை என் ஒரு சொல்லில் நிறுத்தியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவன் மூன்று மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போக லாயக்கில்லையாம். எனக்கு ரொம்ப வருத்தமாக இருக்கிறது சம்பந்தி. வாய்விட்டுச் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் மாப்பிள்ளை மறுக்க மாட்டார். மாப்பிள்ளை சொன்னால் தாரிணி அரை மனதாகவாவது கேட்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம். ஆனால் சீனத்தில் நடந்ததைச் சம்பந்தியம்மா தங்களிடம் போனில் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யாக இருக்காது, அதுதான் எனக்குப் பயம். எனவே என் தரப்பையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லவும்.

நவம்பர் மாதம் ஓய்வூதிய நேர்காணலுக்காக, அதாவது நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று கருவூலத்தில் நேரில் காட்டுவதற்காக ஊருக்கு வந்தேன். திரும்பும்போது சம்பந்தியம்மாவைப் பத்திரமாகக் கூட்டிப்போகும் பொறுப்பைத் தாங்கள் என்னிடம் ஒப்படைத்தீர்கள். ரயில் நிலையத்தில் தாங்கள், "ஒங்களை நம்பித்தான் அனுப்புதேன் அண்ணாச்சி," என்றது இன்னும் காதில் இருக்கிறது. கொல்கத்தா வழியாகக் குவாங்சூ, அங்கிருந்து ஆக்லாந்து. குவாங்சூவில் விடியற்காலை இறங்கினால் அடுத்த விமானம் நள்ளிரவுக்குத்தான். விமானக் கம்பெனி ஊருக்கு வெளியே ஒரு ஹோட்டலில் ஆளுக்கொரு அறை கொடுத்தது. இரவு ஏழு மணிக்கு வாசலில் பஸ் வரும், அதைத் தவறவிட்டால் விமானத்தையும் தவறவிட வேண்டியதுதான் என்று அழுத்திச் சொன்னார்கள். அடுத்த விமானம் இரண்டு நாள் கழித்து. தாரிணிக்கு டாக்டர் கொடுத்திருந்த நாளுக்கு ஐந்து நாள்தான் மீதி.

தூங்கிக் குளித்துக் காலை பத்தரைக்குக் கீழே வந்தேன். சம்பந்தியம்மா வரவேற்பறைச் சோபாவில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிடக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார்கள். சீனா வரைக்கும் வந்துவிட்டு ஹோட்டல் திரைச்சீலையைப் பார்த்துவிட்டுப் போவதா, ஒரு நடை நடந்துவிட்டு வருவோம் என்றேன். "நீங்க போயிட்டு வாங்க அண்ணாச்சி," என்றார்கள். நான் வற்புறுத்தினேன். என் தவறு அது ஒன்றுதான். அடுத்த தவறுகள் எல்லாம் இயற்கையுடையவை.

கிளம்பும்போதே முறைப்படி அடையாளம் எடுத்துக்கொண்டேன். ஹோட்டல் வாசலுக்கு எதிரே பத்து மாடி உயரத்துக்கு ஒரு மஞ்சள் கிரேன், உச்சியில் சிவப்புக் கொடி. வானத்தில் இவ்வளவு பெரிய அடையாளம் இருக்கும்போது போன் எதற்கு? என் போனில் அந்த நாட்டில் வரைபடமும் திறக்கவில்லை என்பது வேறு விஷயம். நேராகத் தெற்கே நடந்தோம். நான் முன்னால், சம்பந்தியம்மா பத்தடி பின்னால். நான் நின்றால் அவர்களும் நிற்பார்கள். நான் மெதுவாக நடந்தால் அவர்கள் அதைவிட மெதுவாக நடப்பார்கள். சம்பந்திக்குச் சரிசமமாக நடக்கக் கூடாது என்ற மரியாதையை அவர்கள் கோவில்பட்டியிலிருந்து அப்படியே கட்டி எடுத்து வந்திருந்தார்கள், நானும் அதைக் கலைக்க விரும்பவில்லை. ஒரே கஷ்டம் சாலையைக் கடப்பதில். அங்கே பச்சை விளக்கு இருபது நொடிதான் இருக்கிறது. நான் கடந்துவிடுவேன், பத்தடி பின்னால் இருக்கும் அவர்கள் வருவதற்குள் சிவப்பு விழுந்துவிடும். எட்டு வரிசை வாகனங்களுக்கு அந்தப் பக்கம் அவர்கள் கைப்பையோடு நிற்பார்கள், இந்தப் பக்கம் நான் கையை உயர்த்திக் காட்டுவேன், அவர்கள் பதிலுக்குக் கும்பிடுவார்கள். இப்படி ஏழு சிக்னல்.

ஒன்றரை மணி நேரத்தில் ஒரு பூங்கா வந்தது. புத்தம் புதியது, மரங்களுக்கெல்லாம் இன்னும் மூங்கில் முட்டுக் கொடுத்திருந்தார்கள், நடுவில் பாட்டுக்கு ஆடும் நீரூற்று. எங்கள் வயதுக்காரர்கள் முப்பது பேர் வரிசையாக நின்று கையை வீசிப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். சம்பந்தியம்மா அதை ரொம்ப நேரம் பார்த்தார்கள். அவர்கள் முகத்தில் சிரிப்பு வந்ததை அன்றுதான் நான் முதலில் பார்த்தேன். மணி ஒன்று ஆனதும், போகலாமா என்று எழுந்தேன்.

இங்கேதான் தாங்கள் கூர்ந்து படிக்க வேண்டும். நம் ஊரில் கார்த்திகை, மார்கழியில் நடுப்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்பது தங்களுக்குத் தெரியும். ஆக்லாந்து உலகத்தின் அடிப்பக்கத்தில் இருப்பதால் இங்கே மதியச் சூரியன் எப்போதும் வடக்கேதான் நிற்கும். மூன்று வருடத்துக்கு முன் வந்த புதிதில் எனக்கு இது தலை சுற்றலாக இருந்தது. வடக்கே போக நினைத்துத் தெற்கே போய் நிற்பேன். நில அளவைக்காரனுக்கு இதைவிட அவமானம் உண்டா? விடாப்பிடியாகப் பழகினேன். காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன் "மத்தியானச் சூரியன் வடக்கு" என்று பத்து முறை சொல்லிக்கொள்வேன். மாப்பிள்ளை இந்த வீட்டுக்கு மார்ட்கேஜ் போடுவதற்கு முன்னால், ஹால் வடக்குப் பார்த்திருக்கிறது, வருடம் முழுக்க வெயில் வரும், தைரியமாக வாங்குங்கள் என்று சொன்னவனே நான்தான். வெயிலும் வருகிறது. ஆக, முப்பத்து நான்கு வருடப் படிப்பை மூன்று வருடத்தில் பாடுபட்டு மறந்திருந்தேன். பூங்காவில் நின்று சூரியனைப் பார்த்ததும் வாய் தானாகச் சொன்னது. ஹோட்டல் வடக்கே, சூரியனும் வடக்கே, வாருங்கள் என்று சூரியனைப் பார்த்து நடக்கத் தொடங்கினேன். சம்பந்தியம்மா எழுந்தார்கள், வந்த வழியை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்கள், என்னை ஒரு தரம் பார்த்தார்கள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பத்தடி பின்னால் வந்தார்கள். குவாங்சூ நம் பக்கத்து ஊர், அதாவது உலகத்தின் மேல்பாதி என்பது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

முக்கால் மணி நேரம் நடந்ததும் எதிரே மஞ்சள் கிரேன் தெரிந்தது, உச்சியில் சிவப்புக் கொடி. அதோ வந்துவிட்டது என்று பெருமையாகத் திரும்பிச் சொன்னேன். அவர்கள் தலையசைத்தார்கள். போய்ப் பார்த்தால் அங்கே ஹோட்டல் இல்லை, பள்ளம்தான் இருந்தது. நம் தெப்பக்குளம் நாலைந்தைப் போட்டால்கூட நிரம்பாத பள்ளம், அடியில் மனிதர்கள் எறும்பளவில் தெரிந்தார்கள், மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டுகிறார்களாம். அங்கே நின்று பார்த்தால் இன்னும் நான்கு மஞ்சள் கிரேன், எல்லாவற்றிலும் சிவப்புக் கொடி. வளரும் ஊரில் கிரேனை அடையாளம் வைத்தது, நம் ஊரில் பிளக்ஸ் பேனரை அடையாளம் வைத்தது மாதிரி ஆகிவிட்டது. சரி, வந்த வழியே திரும்பலாம் என்று பார்த்தால், நாங்கள் கடந்து வந்த நடைபாதையை அதற்குள் நீலத் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். அரை மணி நேரத்துக்கு முன் அங்கே பாதை இருந்தது, சத்தியமாக இருந்தது. தலைக்கவசம் போட்ட ஒருவர் கையைக் காட்டினார், அந்தப் பக்கம் ஒரு நடைமேம்பாலம். ஏறினோம். அது நேராக ஒரு வணிக வளாகத்தின் மூன்றாவது மாடிக்குள் கொண்டுபோய் விட்டது.

உள்ளே சூரியனே இல்லை. தரை துடைக்கும் இயந்திரம் ஒன்று தானாக ஓடி வந்தது, இடுப்பளவு உயரம், முன்னால் இரண்டு கண் மாதிரி விளக்கு. சம்பந்தியம்மாவைப் பார்த்து நின்றது. அவர்கள் வழிவிட்டு இடப்பக்கம் ஒதுங்கினார்கள், அதுவும் வழிவிட்டு அதே பக்கம் ஒதுங்கியது. இவர்கள் வலப்பக்கம் போனார்கள், அதுவும் போனது. இரண்டு பேரும் மாறி மாறி மரியாதை செய்துகொண்டு ஐந்து நிமிடம் நின்றார்கள். கடைசியில், "நீங்க போங்க தாயி," என்று இவர்கள் சுவரோடு ஒட்டி நின்ற பிறகுதான் அது நகர்ந்தது. நாங்கள் அடித்தளம் வழியாக வெளியே வந்தபோது மணி மூன்றரை. எந்தப் பக்கம் நுழைந்தோம், எந்தப் பக்கம் வெளியே வந்தோம் என்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை. சூரியன் தெரிந்தது, அதை நம்பி நடந்தேன். கட்டிடம் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள், பாதி கட்டிய கட்டிடம், முக்கால் கட்டிய கட்டிடம், நேற்றுக் கட்டி முடித்துக் கண்ணாடியில் இன்னும் பிளாஸ்டிக் உறை ஒட்டியிருக்கும் கட்டிடம். ஒரு தெருவுக்கு இன்னும் பெயர்ப்பலகையே வைக்கவில்லை, கம்பம் மட்டும் நட்டிருந்தார்கள். அந்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பயம் வந்துவிட்டது. சீனாவைப் பார்த்து இல்லை. மணி நாலே முக்கால், ஏழு மணிக்குப் பஸ், தாரிணி அங்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மாவும் இல்லாமல், அத்தையும் வந்து சேராமல் ஆஸ்பத்திரிக்குப் போவது கண் முன்னால் வந்தது. அதற்கு அடுத்தபடியாகத் தாங்கள் வந்தீர்கள். ஒங்களை நம்பித்தான் அனுப்புதேன் என்றவரிடம், ஒங்க வீட்டம்மாவைக் கொண்டுபோய்ச் சீனாவில் தொலைச்சிட்டேன்னு எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? திரும்பிப் பார்த்தேன். பத்தடி பின்னால் நின்றார்கள். கால் வீங்கிச் செருப்பு வார் பதிந்திருந்தது. நான் பார்த்ததும் ஒன்றும் நடக்காதது போலக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

எதிரே ஒரு சின்னக் காவல் சாவடி இருந்தது. போனேன். இருபத்தைந்து வயதுப் பெண் காவலர் ஒருவர், தன் போனில் பேசினால் அது ஆங்கிலத்தில் சொல்லும், நான் ஆங்கிலத்தில் சொன்னால் அது சீனத்தில் சொல்லும். எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டது. ஹோட்டல் என்றேன். பெயர் என்ன என்றது. பெயர் சீன எழுத்தில் இருந்ததே, எனக்கு எப்படித் தெரியும்? அப்புறம் சம்பந்தியம்மாவைக் காட்டி, இவர் உங்கள் மனைவியா என்று கேட்டது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டு, இல்லவே இல்லை என்றேன். சகோதரியா? இல்லை. தோழியா? சிவ சிவா. பெயரைக் கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, பெயர் தெரியாது. கல்யாணப் பத்திரிகையில் திருமதி மாரிசாமி என்றுதான் போட்டிருந்தது, பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்ப்பது மரியாதை இல்லை என்று நானும் பார்க்கவில்லை. யாரென்றே தெரியாத ஒரு பெண்மணியை நாள் முழுக்க நடக்கவைத்துக் கூட்டி வந்திருக்கும் கிழவனை அந்தப் பெண் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, என் மகளுடைய கணவனுடைய தாய் என்று போனில் சொன்னேன். போன் யோசித்தது, சீனத்தில் ஒரே ஒரு சொல் சொன்னது. அந்தப் பெண்ணின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "ச்சிங்ஜியா," என்றாள். உள்ளே பெஞ்சில் இருந்த வயதான காவலரிடமும் "ச்சிங்ஜியா" என்றாள். அவர் எழுந்து நின்று எனக்கும் சம்பந்தியம்மாவுக்கும் நாற்காலி போட்டார், கண்ணாடி டம்ளரில் வெந்நீர் வந்தது. சம்பந்தி, அவர்களிடம் நம் உறவுக்கு ஒரே சொல் இருக்கிறது. இங்கே ஆக்லாந்தில் மூன்று வருடமாக நான் விளக்கிச் சலித்துப்போயிருக்கிறேன், சம்பந்தியம்மாவைப் பிரசவ ஆஸ்பத்திரியில் என்னோடு சேர்த்துக் குடும்ப நண்பர் என்றுதான் எழுதிக்கொண்டார்கள். அங்கே ஒரு சொல்லில் முடிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெந்நீர் ஆவி என்று காட்டிக்கொண்டேன்.

அப்புறம் அந்தப் பெண் போனைச் சம்பந்தியம்மாவிடம் நீட்டி, ஹோட்டல் பற்றி உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டாள். அவர்கள் கைப்பையைத் திறந்தார்கள், ஒரு சீட்டை எடுத்தார்கள், கொடுத்தார்கள். ஹோட்டலின் பெயர், முகவரி, படம், தொலைபேசி எண் எல்லாம் சீனத்தில் அச்சடித்த சீட்டு. நாங்கள் நின்ற இடத்திலிருந்து ஹோட்டல் வடக்கே பதினொரு கிலோமீட்டர். அந்தப் பெண்ணே தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் போலீஸ் வண்டியில் ஏறினேன், அதுவும் சம்பந்தியம்மாவோடு. மாலை நெரிசலில் ஊர்ந்து ஆறு ஐம்பதுக்கு ஹோட்டல் வாசல், எதிரே என் மஞ்சள் கிரேன் கொடியோடு நின்றது. பஸ்ஸில் உட்கார்ந்து மூச்சு வந்த பிறகு கேட்டேன்.

"அந்தச் சீட்டு காலையிலேர்ந்து பையிலயா இருந்துச்சு?"

"ஆமா அண்ணாச்சி. கெளம்பும்போதே ஓட்டல் மேசையில இருந்த பொண்ணுகிட்டக் கேட்டு வாங்கி வச்சேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கலையே."

"வழி தப்புதுன்னு எப்ப தெரிஞ்சுச்சு?"

"பூங்காவுலயே தெரிஞ்சுச்சு. வந்த வழி பின்னாடில்ல இருந்துச்சு." கைப்பையை இழுத்து மூடிவிட்டு, "நீங்க சர்வேயர். நான் எப்படிச் சொல்ல?" என்றார்கள்.

இதில் அவர்களைக் குறை சொல்லவில்லை. இரண்டு பக்கமும் மரியாதை கூடிப்போனதுதான் நடந்தது. தாரிணிக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் என் போன் அன்றைக்கு நான் நடந்த அடிகளை எல்லாம் எண்ணி வைத்துக்கொண்டு, முப்பத்தோராயிரம் அடி, இதுவரை இல்லாத சாதனை, வாழ்த்துகள் என்று திரையில் பூத்தூவிக் காட்டியதை அவள் பார்த்துவிட்டாள். அப்புறம் துருவித் துருவிக் கேட்டு எல்லாவற்றையும் என் வாயிலிருந்தே வாங்கிவிட்டாள்.

ஆகவே சம்பந்தி, நடுநிலையாக யோசித்துப் பாருங்கள். தொலைந்தவனுக்குத் தான் எந்தத் திசையில் போகிறோம் என்று தெரியாது. எனக்கு ஒவ்வொரு அடியும் உறுதியாகத் தெரிந்தது, திசைதான் அன்றைக்கு இடம் மாறியிருந்தது. இது அந்த ஊருக்கு மட்டும் உள்ள கோளாறு. பாட்டனி டவுன்ஸில் கிரேன் இல்லை, பள்ளம் இல்லை, சூரியனும் நான் பழகிய சூரியன். இங்கே கண்ணைக் கட்டிவிட்டாலும் வீடு வந்து சேருவேன். எனவே மாப்பிள்ளையிடம், அப்பா சொன்னதாக, மாமா வண்டியைத் தெருமுனை வரையிலாவது தள்ளட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லும்படி தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். சிந்து நடக்கத் தொடங்கிவிட்டால் அப்புறம் வண்டி எதற்கு, நான் எதற்கு.

தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். பழைய ரசத்தைக் கொட்டிவிடவும். நம் ஊர்ச் செண்பகவல்லி அம்மன் தங்கள் விசாவை அந்த மேஜையிலிருந்து நகர்த்தி வைக்கட்டும். பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி, கொய்யாப்பழம் சொன்ன தங்கள் தங்கை மகனுக்கு என் நன்றி, பழம் நன்றாகக் கேட்கிறது.

தங்கள் அன்பில் என்றும் குறையாத,
வரதராஜன்
ஓய்வுபெற்ற நில அளவையர்

பின்குறிப்பு: இதை வீட்டில் இருந்து எழுதவில்லை, கடிதத்தின் முதுகில் எழுதுகிறேன், கோணல் மாணலுக்கு மன்னிக்கவும். சாப்பிட்டதும் தபால்தலை வாங்கி வருகிறேன் என்று கிளம்பினேன். தெருமுனையில் பிரேம்வதி அம்மாவின் டெய்ரி இருக்கிறது. இங்கே பெட்டிக்கடைக்கு அதுதான் பெயர், பால் பண்ணை என்று நினைக்க வேண்டாம். அவர் ஃபிஜிக்காரர், தாத்தா காலத்துத் தமிழில் வணக்கம் ஒன்றுதான் மிச்சம் வைத்திருக்கிறார். தபால்தலையும் உறையும் கொடுத்து, வாசலில் இருந்த அஞ்சல் பெட்டியைப் போன மாதம்தான் எடுத்துவிட்டார்கள், தெற்கே இருக்கும் டவுன் சென்டருக்குப் போக வேண்டும் என்று சொன்னார். பதினைந்து நிமிட நடைதான். மணி ஒன்றரை, சூரியனைப் பார்த்தேன். இப்போது சிக்கல் என்னவென்றால், குவாங்சூவுக்குப் பிறகு மூன்று மாதமாக நான் காலையில் "மத்தியானச் சூரியன் தெற்கு" என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன், திரும்ப அந்த ஊர் வழியாகத்தானே போக வேண்டும் என்று. எந்தச் சூரியன் எந்த நாட்டுக்கு என்று நடுத்தெருவில் குழம்பிவிட்டது. இங்கே தெருக்கள் எல்லாம் உள்ளே கூட்டிப்போய் முட்டுச்சந்தில் விடுகின்றன, எல்லா வீடும் ஒரே செங்கல், ஒரே சாம்பல் நிறக் கதவு. ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு, பெயர் தெரியாத ஒரு சின்னப் பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்தேன். சம்பந்தி, நான் தொலைந்துவிட்டேன். மேலே ஆறு பக்கத்தில் மறுத்த அந்தச் சொல்லையே எழுதுகிறேன்.

அப்போது பின்னால் சக்கரச் சத்தம் கேட்டது. திரும்பினேன். பத்தடி தள்ளி, தள்ளுவண்டியோடு சம்பந்தியம்மா நின்றார்கள். வண்டிக்குள் சிந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்க எப்பலேர்ந்து வர்றீங்க?" என்று கேட்டேன்.

"வாசல்லேர்ந்தே வாரேன் அண்ணாச்சி. கொழந்தைக்கும் காத்து வேணும்லா."

"கூப்பிட்டிருக்கலாமே."

"நீங்க கேக்..." என்று தொடங்கியவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவர்களுக்கும் வந்துவிட்டது. நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது இதுதான் முதல் தடவை. வெட்கத்தை விட்டுக் கையில் இருந்த கடிதத்தைப் பற்றிச் சொன்னேன், சீனத்துக் கதையைத் தங்களிடம் எப்படிச் சொன்னார்கள் என்றும் கேட்டேன்.

"அவுககிட்டயா? நான் எதுக்குச் சொல்லுதேன்? சம்பந்தி ஒரு நல்ல பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போனாங்கன்னு சொன்னேன். அம்புட்டுதான்," என்றார்கள்.

ஆக, தங்களுக்கு எதுவுமே தெரியாது. சொன்னது நான்தான். கடிதத்தைக் கிழிக்கப் போனேன், தடுத்துவிட்டார்கள். "கிழிக்காதீங்க. அவுக அங்க ஒத்தையில சோறு பொங்கித் தின்னுக்கிட்டு இருக்காக. படிச்சுச் சிரிக்கட்டும்," என்றார்கள். அப்புறம் வண்டிக் கைப்பிடியை என் பக்கம் திருப்பி, "தனியா போகக் கூடாதுன்னுதான தாரிணி சொல்லியிருக்கா. நீங்க தள்ளுங்க, நான் முன்னால போறேன்," என்று சொல்லிவிட்டு நடந்தார்கள். நான் தள்ளினேன். இரண்டு திருப்பத்தில் டவுன் சென்டர் வந்துவிட்டது.

இப்போது அஞ்சல் பெட்டி முன்னால் ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன். மாப்பிள்ளையிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், மேலே எழுதிய வேண்டுகோளை இல்லை என்று வைத்துக்கொள்ளவும். சீக்கிரம் புறப்பட்டு வாருங்கள். விமான நிலையத்தில் தாங்கள் வெளியே வரும்போது முதலில் தெரிவது சம்பந்தியம்மா. பத்தடி பின்னால் வண்டியோடு நிற்பது நான்.